ஒன்றே முக்கால் அடி

ஜனவரி 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

அக்கா எழுதுறேன். நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, வெயில்ல தலைக்குத் துண்டு கட்டுறியான்னு அப்பா கேக்கச் சொன்னார். கேட்டுட்டேன்.

போன்ல பேசினா அஞ்சாவது நிமிஷமே நீயும் நானும் சண்டைக்கு நிக்கிறோம். போன வாரம் நீ வெச்சதும் அப்பா போனைப் பிடுங்கிக்கிட்டு, "முக்கியமான விஷயத்தை எல்லாம் இனிமே எழுதித் தொலைங்க. எழுதும்போது கத்த முடியாதுல்ல"ன்னார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். சத்தம் கேட்டது போதும்னு நெனக்கிறார் போல.

விஷயம் இதுதான். தண்ணி மறுபடியும் ஏற ஆரம்பிச்சிடுச்சு. மழை இல்ல, காத்து இல்ல, வானம் பளிச்சுன்னு இருக்கு. காலையில ஜெராக்ஸ் கடையைத் திறக்கக் கிளம்பினா, சாக்கடை மூடியைத் தள்ளிட்டு கடல் தண்ணி தெருவுக்கு வருது. முன்னெல்லாம் வருஷத்துக்கு நாலு நாள். இப்போ மாசத்துக்கு நாலு நாள். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்.

நீ மூணு லீவுல வந்து மூணு தடவை தரையை உயர்த்திட்டுப் போன. இல்லேன்னா எப்பவோ மூழ்கியிருப்போம், ஒத்துக்கிறேன். இப்போ வாசல் வழியா தண்ணி வரல. பாத்ரூம் வழியா வருது, சுவர் வழியா ஊறுது. தரை ஒன்னே முக்கால் அடி ஏறிடுச்சு, கூரை இருந்த இடத்துலயே இருக்கு. கை தூக்கினா இடிக்குதுன்னு ஃபேனைக் கழட்டிட்டோம். ஜன்னல் முட்டிக்கு வந்துடுச்சு. கதவை ரெண்டு தடவை அறுத்தாச்சு. "வீடு முட்டி போட்டு நிக்குது, யார்கிட்ட மன்னிப்பு கேக்குதோ"ங்கிறார் அப்பா. ஃபேன் இல்லாத இந்தப் புழுக்கத்துல மனுஷன் இருக்க முடியாதுடா.

மேட்டுப் பகுதியில அரசாங்கம் அடுக்குமாடி கட்டி முடிச்சிருக்கு. நம்ம தெருவை அளக்கப் போறாங்க. யார் வீட்டுத் தரை கடல் ஏறுற மட்டத்துக்குக் கீழ இருக்கோ, அவங்களுக்கு அங்க ஒரு வீடு. நான் மனு குடுத்துட்டேன். வீடு உன் பேர்ல இருக்குன்னு தெரியும். உன்னைக் கேக்காமத்தான் குடுத்தேன்.

வருஷக் கடைசியில கடல் பெருசா ஏறும். அதுக்குள்ள அப்பாவை ஈரமில்லாத இடத்துக்குக் கொண்டு போயிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். அவர் கால்ல ஒரு சின்னப் புண். சர்க்கரை உடம்பு, மெதுவாத்தான் ஆறும்.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள ஹெட்மாஸ்டர் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைச்சுது. நான் நல்லா இருக்கேன். துண்டு கட்டுறேன், வேளைக்குச் சாப்பிடுறேன், ரெண்டுக்கும் சேத்து ஒரு டிக் போட்டுக்கோ. அப்பா கால் எப்படி இருக்கு?

இங்க முப்பத்தோராவது மாடியில தரை போட்டுட்டு இருக்கோம். கலவை போட்டு டைல்ஸை எடுக்கறதுக்குள்ள கலவை காஞ்சு போகுது, பிப்ரவரியிலயே அப்படி ஒரு வெயில். பதினொன்னுல இருந்து நாலு வரைக்கும் வேலையே கூடாதுன்னு உத்தரவு. அதனால விடியறதுக்கு முன்னாடியே மேல ஏறிடறோம். மேஸ்திரி என் தரை மேல ரசமட்டத்தை வெச்சுப் பாத்துட்டு, "உன் தரையில கோலிக்குண்டு வெச்சா அது எங்க போறதுன்னு தெரியாம அழும்"ங்கிறார்.

மனு குடுத்ததுக்குக் கோபப்படல. சத்தியமா. ஆனா ஏன்க்கா அவசரம்? அடுத்த லீவுல இன்னும் அரை அடி ஏத்தறேன். கூரைதான் பிரச்சினைன்னா ஓடெல்லாம் பிரிச்சு, சுவரை ரெண்டடி தூக்கி, மறுபடி போட்டுடலாம். அந்த மேட்டுல குடுக்கறது தீப்பெட்டி மாதிரி வீடு. சொந்தத் தரையை விட்டுட்டு யாரோ போட்ட தரையில போய் நிக்கறதா? நான் திரும்பி வந்தா எங்க வர்றது?

நீ சிரிப்ப. இங்க எட்டுப் பேர் ஒரு ரூம்ல படுத்திருக்கோம். தூக்கம் வரலேன்னா நம்ம ஹாலை ஒவ்வொரு டைல்ஸா மனசுல ஒட்டிப் பாப்பேன். சமையலறை வாசல் வர்றதுக்குள்ள தூங்கிடுவேன்.

அப்பாவை வெளியே இறங்க விடாதே.

ஒட்டடைக்குச்சி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்க நலம்தான். நீ நலமா இருக்கணும்.

அளக்கிறவங்க வந்துட்டுப் போனாங்க. மூணு பேர். ஒருத்தர் கையில கோடு போட்ட நீளக் கம்பு, ஒருத்தர் கையில மூணு கால் மெஷின், இன்னொருத்தர் எழுதறவர். குனிஞ்சு உள்ள வரச் சொல்லியும் கம்புக்காரர் வாசல் நிலையில நெத்தியை இடிச்சுக்கிட்டார். அப்பா தேங்காய் எண்ணெய் தடவி விட்டார். "எங்க பையன் வந்தா தினம் நாலு தடவை இடிச்சுப்பான், பழகிடும் சார்"னு ஆறுதல் வேற.

ஹால்ல கம்பை நிறுத்தி அளந்தாங்க. நான் சுவர்ல உப்பு பூத்திருக்கிறதைக் காட்டினேன், பாத்ரூமைக் காட்டினேன். எழுதறவர் நல்லா பாத்தார். தாள்ல அதுக்குக் கட்டம் இல்லன்னார். டீ குடிச்சுட்டுப் போனாங்க.

கடையில கூட்டம் தாங்கல. தெருவே வந்து அவங்கவங்க மனுவை நகல் எடுக்குது. காத்துல இருக்கிற ஈரத்துக்குக் காகிதம் எல்லாம் நமத்து, மெஷின்ல சிக்கிச் சிக்கிக் கிழியுது. அளக்கிற ஆபீஸ்காரங்களும் அவங்க தாளை நம்ம கடையிலதான் நகல் எடுக்கறாங்க. நின்னு நின்னு முதுகு விட்டுப் போச்சு.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல. அப்பா நல்லா இருக்கார்.

அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரெண்டு பக்கம் எழுதியிருக்க. நெத்தி இடிச்சது எழுதின, டீ குடிச்சது எழுதின. அளந்து என்ன சொன்னாங்கன்னு மட்டும் காணோம். நானும் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டேன்.

எனக்கும் அந்த ஆபீஸ்ல இருந்து போன வாரம் போன் வந்துச்சு. ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க. பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அப்பா காலைப் பத்தி "நல்லா இருக்கார்"னு மொத்தமா எழுதிட்டா எப்படி? புண் ஆறுச்சா இல்லையா? மருந்துக் கடைக்காரரை நம்பாதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.

இங்க கூட வேலை செய்யற பெயிண்டர் ஒருத்தர் வெயில்ல மயங்கி விழுந்துட்டார். எழுந்துட்டார், ஆனா யாரையும் அடையாளம் தெரியல. ஊருக்கு அனுப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, நீ பயப்படாதே.

உடனே எழுது.

ஒட்டடைக்குச்சி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

ரெண்டு மாசமா எழுதல. கடையில மெஷின் ரிப்பேர், அதே வேலையா இருந்துட்டேன். நீ நலம்தானே?

பட்டியல் ஒட்டிட்டாங்க. நம்ம தெருவுல பதினேழு வீட்டுக்குக் கிடைச்சிருக்கு. இந்தப் பக்கத்து வீட்டுப் பால்காரர், அந்தப் பக்கத்து வீட்டு வாத்தியார், எல்லாருக்கும். நமக்கு இல்ல. "தரை மட்டம் போதுமான உயரத்தில் உள்ளது"ன்னு எழுதியிருக்கு.

எல்லாரும் மூட்டை கட்டுறாங்க. பால்காரர் மாட்டை என்ன செய்யறதுன்னு தெரியாம மாட்டுக்கிட்டயே கேட்டுட்டு உக்காந்திருக்கார். சிரிக்கத்தான் தோணுது, ஆனா வரல. ரொம்ப அசதியா இருக்குடா.

அக்கா

மகனே, நான் அப்பா. இவ ஒட்டி வெச்சுட்டுக் கடைக்குப் போயிருக்கா, பிரிச்சு எழுதறேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா. ஏப்ரல்ல ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன். உப்புத் தண்ணி பட்டுப் பட்டு புண் உள்ள போயிடுச்சாம். வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. மிச்சம் எட்டு இருக்கு, பிரேக் மிதிக்கப் போதும். நீ அழாதே. இவளையும் திட்டாதே. ஒம்பது நாளும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் நடந்தே பாதியாயிட்டா.

ஜூன் 5

அக்கா,

நலம் விசாரிச்சு எழுதற நிலைமையில நான் இல்ல. ரெண்டு விரலை எடுத்திருக்காங்க, மெஷின் ரிப்பேர்னு எழுதற! நான் என்ன ரோட்டுல போறவனா? அன்னிக்கு முழுக்க வேலை ஓடல. ஒரு வரிசை டைல்ஸ் கோணிப் போச்சு. மேஸ்திரி என் முகத்தைப் பாத்துட்டு, அவரே பேத்து மறுபடி ஒட்டினார்.

சரி, திட்டல. அப்பா சொன்னதுக்காகத் திட்டல.

டாக்டர் என்ன சொன்னார்? இனிமே கால்ல தண்ணி படலாமா கூடாதா? நேரா எழுது. பட்டியல்ல பேர் இல்லேன்னா மறுபடி மனு போட வழி இருக்கும்ல? யாரையாவது பாரு. பெரிய ஆபீஸுக்கே போ. போதுமான உயரம்னு எவன் சொன்னது, அவன் வந்து அந்த வீட்டுல ஒரு வாரம் இருந்து பாக்கட்டும்.

நான் லீவு கேட்டேன். கட்டடம் முடியற வரைக்கும் யாருக்கும் இல்லையாம்.

தம்பி

ஜூன் 29

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா தேறி வர்றார். கட்டு பிரிச்சாச்சு. நீ கேட்ட மாதிரி நேரா எழுதறேன். இனிமே அந்தக் கால்ல உப்புத் தண்ணி படவே கூடாது, பட்டா அடுத்தது பாதம்னு டாக்டர் சொல்லிட்டார். கட்டில்லயே உக்கார வெச்சிருக்கேன். நான் வேலைக்குப் போனதும் இறங்கி நடக்கறார், எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

பெரிய ஆபீஸுக்கு நாலு நாள் நடந்தேன். கடைசியில ஒரு இன்ஜினியரம்மாவைப் பாத்தேன். நல்ல மாதிரி. நான் எல்லாத்தையும் சொன்னேன். எங்க நிஜத் தரை கீழ இருக்கு, இது என் தம்பி மூணு தடவை மேல மேல போட்ட தரை, அதைப் போய் உயரம்னு எழுதிட்டாங்களேன்னேன். அவங்க பொறுமையா கேட்டுட்டு, "நான் பாக்காததை எழுத முடியாதும்மா. பழைய தரையை என் கண்ணுக்குக் காட்டுங்க, அளந்து எழுதிடறேன்"னாங்க. ஆகஸ்ட் பன்னெண்டாம் தேதி வர்றேன்னிருக்காங்க.

காட்டணும்னா உடைக்கணும்.

உடைச்சா அந்தக் குழி வழியா தண்ணி வரும், அது மறுபடி மூடாது. ஆகஸ்ட் அமாவாசையில இருந்து கடல் ஏறுற காலம். அவங்க வந்து பாத்தும் பட்டியல்ல பேர் வரலேன்னா, இருக்கிற உலர்ந்த தரையும் போச்சு. அப்பாவை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரு வாரமா இதையே யோசிச்சு யோசிச்சு தலை சுத்துது.

ஆனா சும்மா இருந்தாலும் தண்ணி வரத்தான் போகுது. அதனால உடைக்கலாம்னு இருக்கேன்.

வீடு உன்னோடது. தரை உன் கையால போட்டது. நீ வேண்டாம்னு எழுதினா நான் தொட மாட்டேன். சரின்னா எங்க உடைக்கணும், எவ்வளவு ஆழம், எப்படி, எல்லாம் விவரமா எழுது. கூலிக்கு ஆள் தேடினேன். தெருவே காலியாயிட்டு இருக்கு, யாரும் கிடைக்கல.

சீக்கிரம் எழுது.

அக்கா

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாயிடுச்சு. எழுதிக் கிழிச்சேன், எழுதிக் கிழிச்சேன். போன்ல சொல்லலாம்னு பாத்தா, ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே அழுதுடுவேன்னு தெரிஞ்சுது. அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். மார்ச்ல அந்த ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சுன்னு எழுதினேன்ல? அந்தாள் ரொம்ப மரியாதையா பேசினார். "உங்க வீட்டுத் தரையை நீங்களே உயர்த்தினீங்களா சார்?"னு கேட்டார். என்னை யாரும் சார்னு கூப்பிட்டதில்ல. கேக்காததை எல்லாம் சொன்னேன். ஒன்னே முக்கால் அடி ஏத்தியிருக்கேன், அடியில பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கேன், என் தரையில பத்து வருஷத்துக்குச் சொட்டுத் தண்ணி ஏறாது, வேணும்னா வந்து பாத்துக்கோங்கன்னு பீத்திக்கிட்டேன். "அருமை சார்"னு எழுதிக்கிட்டார். வெச்சதுக்கு அப்புறம்தான் எதுக்குக் கேட்டாங்கன்னு உறைச்சுது. பட்டியல்ல பேர் என் வாயாலதான் போச்சு, அப்பா அந்தக் காலோட இன்னும் ஈரத்துலயே கிடக்கறார்னு நெனச்சு நெனச்சு செத்துட்டு இருக்கேன். மன்னிச்சுடு.

இப்போ கவனமா படி.

ஹால்ல கை வைக்காதே. அங்க கம்பி கட்டிப் போட்டிருக்கேன், உன்னால முடியாது. சமையலறைக் கதவுக்குப் பின்னாடி, சுவர்ல இருந்து நாலாவது டைல்ஸ். சுத்தியல் கைப்பிடியால தட்டிப் பாரு, காலியா டொக்கு டொக்குன்னு கேக்கும். அன்னிக்குக் கலவை பத்தல, மறுநாள் எனக்குப் பயணம், நாலு மூலையில மட்டும் வெச்சு ஒட்டிட்டேன். அந்த இடத்துல கம்பியும் இல்ல. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்.

உளியை நேரா வைக்காதே, சாய்ச்சு வை. கண்ணாடி போட்டுக்கோ. அப்பாவோட வெயில் கண்ணாடி போதும். மூணடிக்கு மூணடி கோடு போட்டுக்கிட்டு அதுக்குள்ளயே உடை. டைல்ஸுக்குக் கீழ ரெண்டு விரக்கடை கலவை, அதுக்குக் கீழ ஜல்லி. ஜல்லியைக் கடப்பாரையால நெம்பு, சம்மட்டியைத் தூக்காதே, உன் முதுகு தாங்காது. அப்புறம் கறுப்பு ஷீட் வரும். அங்க நிறுத்து. கடல் இறங்கியிருக்கிற நேரமா பாத்து, அப்பாவைக் கட்டில்ல ஏத்தி, தலையணை மருந்து எல்லாம் மேல வெச்சதுக்கு அப்புறம் ஷீட்டைக் கிழி. அதுக்கும் கீழ இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு, ஆனா அதெல்லாம் வெறும் செங்கலும் மண்ணும், ஊறிக் குழைஞ்சுதான் இருக்கும். மண்வெட்டி போதும். கடைசியா சிவப்பா ஒரு தரை தெரியும். அதுதான்.

ஒரு நாள்ல முடிக்கப் பாக்காதே. தினம் கொஞ்சம் செய். கை கொப்புளிச்சா நிறுத்து.

நான் திரும்பி வந்து அந்த வீட்டுல இருப்பேன்னு நெனச்சுட்டு இருந்தேன். பரவாயில்ல. உடைச்சுடுக்கா.

தம்பி

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். நீ எப்படி இருக்க?

உடைச்சுட்டேன். உடைச்சு முடிக்க ஆறு நாள் ஆச்சு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், வந்து ஒரு மணி நேரம். நீ சொன்ன இடத்துலதான் டொக்கு டொக்குன்னுச்சு. மத்த இடத்துல எல்லாம் என்ன வேலைடா அது, ஒரு டைல்ஸ் அசைய மாட்டேன்னுச்சு! அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு. பாவி, இவ்வளவு நல்லாவா போடுவன்னு கத்திட்டேன். அப்பா கட்டில்ல உக்காந்து, "இடது பக்கம் ஒடி, இன்னும் கொஞ்சம், ஹோல்டேன்"னு எனக்குக் கண்டக்டர் வேலை பாத்தார்.

இன்ஜினியரம்மா பன்னெண்டாம் தேதி வரல. வேற எங்கயோ கரை உடைஞ்சிடுச்சாம். பதினஞ்சுதான் வந்தாங்க. அந்த மூணு நாளும் குழி வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு. கடல் ஏறும்போது குழி நிரம்பி வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணி. கட்டில் கால் நாலுக்கும் அடியில செங்கல் வெச்சுத் தூக்கினேன். கூரை அப்பா மூக்குக்கிட்ட வந்துடுச்சு. ஸ்லீப்பர் பஸ்ல மேல் படுக்கை கிடைச்சிடுச்சுன்னார். ராத்திரி நான் தூங்கினேனோ என்னவோ.

அவங்க வந்தப்போ கடல் இறங்கியிருந்துச்சு. நான் வாளியால இறைச்சுக் காட்டினேன். முட்டி போட்டு, கையைக் குழிக்குள்ள விட்டு, சிவப்புத் தரையைத் தொட்டே பாத்தாங்க. அளந்தாங்க. மூணு அடுக்கையும் படம் எடுத்தாங்க. "யார் போட்டது?"ன்னாங்க. தம்பின்னேன். எழுதிட்டுப் போயிருக்காங்க. வருமா வராதான்னு தெரியல.

அப்புறம், நீ மன்னிப்புக் கேட்ட விஷயம். எனக்கு மார்ச்லயே தெரியும். அந்த ஆபீஸ் தாள் என் மெஷின்லதானே நகலுக்கு வந்துச்சு? "உரிமையாளர் தொலைபேசியில் கூறியது"ன்னு போட்டு, நீ சொன்ன பத்து வருஷக் கதை அப்படியே இருந்துச்சு. நானே நாலு காப்பி எடுத்துக் குடுத்தேன். கோபம் வந்துச்சான்னா, வந்துச்சு. ரெண்டு மாசம் எழுதாம இருந்தது அதனாலதான். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து உன்னைக் கண்டபடி திட்டியிருக்கேன். உன்கிட்ட எழுதினா நீ தாங்க மாட்டன்னுதான் விட்டுட்டேன். இப்போ கோபம் இல்ல. கோபப்படவும் தெம்பு வேணும்ல.

சாப்பிடு. நீ மெலிஞ்சுட்டன்னு உன்கூட வேலை செஞ்சு ஊருக்கு வந்த ஆள் சொல்லிட்டுப் போனார்.

அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

பேர் வந்துடுச்சு! ரெண்டாவது பட்டியல், பதினோராவது வரி. நாலு தடவை படிச்சேன். கடையில இருந்தவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க, நான் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்பாகிட்ட சொன்னதும், "எந்த மாடி?"ன்னார். மூணாவதுன்னேன். "போதும், கடல் படி ஏறி வரட்டும் பாக்கலாம்"னார். லிஃப்ட் கிடையாது. உக்காந்து உக்காந்து ஏறிடுவேங்கிறார். கால்ல புதுசா ஒரு சிவப்பு இருக்கு. மறைக்கல, எழுதிட்டேன். சீக்கிரம் போனா சரியாயிடும்னு டாக்டர் சொன்னார்.

இதோட ஒரு படிவம் வெச்சிருக்கேன். வீட்டை அரசாங்கத்துக்கு ஒப்படைக்கறதா உரிமையாளர் மூணு இடத்துல கையெழுத்துப் போடணும். டிசம்பர்ல எல்லா வீட்டையும் இடிச்சு, கல்லைக் கரைக்குக் கொட்டப் போறாங்க. இது வந்தாத்தான் சாவி.

இன்னொண்ணும் சொல்லணும். புது வீட்டுல ஆள் கணக்கு ரெண்டுதான். இங்க குடியிருக்கிறவங்க பேர் மட்டும்தான் சேப்பாங்களாம். நான் கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டாங்க. படிவத்துல "உரிமையாளரின் நிரந்தர முகவரி"ன்னு ஒரு இடம் இருக்கு பாரு. ஒப்படைக்கிற வீட்டு முகவரியை அதுல போடக்கூடாது. காலியாவும் விடக்கூடாது. என்ன எழுதறதுன்னு நீ யோசிச்சுக்கோ.

அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு, அப்பாவுக்கு,

நான் நலம். கேட்டதும் இங்க இருக்கிற எட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். மூணாவது மாடி! எவ்வளவு பெரிய விஷயம்.

மூணு இடத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. முகவரிதான் எழுதல. உக்காந்து பாத்தேன். இந்த ரூம்ல இருந்து அடுத்த மாசம் வேற ஷெட்டுக்கு மாத்தறாங்க, அது இன்னும் கட்டவே ஆரம்பிக்கல. கம்பெனி முகவரி போட்டுக்கலாமான்னு ஆபீஸ்ல கேட்டேன். வேலைக்காரங்களுக்கு அது நிரந்தரம் ஆகாதாம். மேஸ்திரி அவர் வீட்டு முகவரியைப் போட்டுக்கோன்னார். அவருக்கும் வாடகை வீடுதான். பென்சில்ல ரெண்டு தடவை நம்ம பழைய வீட்டு நம்பரை எழுதி அழிச்சேன், தாள் கொஞ்சம் தேஞ்சிருக்கு.

காலியா அனுப்பறேன். நீ யாரையாவது கேட்டு ஏதாவது பண்ணு. என்னால சாவி லேட் ஆயிடக்கூடாது.

அப்பாவைப் படியில மெதுவா ஏறச் சொல்லு.

தம்பி

நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

சாவி வாங்கிட்டோம். நேத்து குடி வந்தோம். அப்பா நாப்பத்தெட்டுப் படியையும் உக்காந்தே ஏறி, மேல வந்ததும் படுத்தவர், பத்து மணி நேரம் தூங்கினார். தரை காஞ்சிருக்கு. ஃபேன் சுத்துது. நிமிந்து நடக்க எனக்கே கூச்சமா இருக்கு. நீ நல்லா இருக்கியா?

முகவரியை நானே எழுதிட்டேன். இந்த வீட்டு நம்பரை. மூணாவது மாடி, கதவு எண் பதினாலு. உன் கையெழுத்து மாதிரியே கோழி கிளறின மாதிரி எழுதினேன்.

கவுண்டர்ல இருந்தவர் கண்டுபிடிச்சுட்டார். "இந்த வீட்டு ஆள் கணக்குல இவர் இல்லையேம்மா, எப்படி இது அவருக்கு நிரந்தர முகவரி?"ன்னார். என் தம்பி வேற எங்க சார் வருவான்னேன். படிவத்துல கீழ இருந்த வரியை விரலால காட்டினார். தவறான தகவல் தந்தால் ஒதுக்கீடு ரத்து செய்யப்படும்னு அதுல இருந்துச்சு. தெரியும் சார்னேன். முத்திரையை எடுத்துக் குத்திட்டார்.

நாளைக்கே யாராவது இதைத் தோண்டித் துருவினாலும் துருவுவாங்க. நாள் முழுக்க ஊர்க்காரங்க பேப்பரைப் படிக்கிறவ, என் பேப்பரைப் படிக்காம விடுவேனா? அந்த வரியைப் படிச்சுட்டுத்தான் எழுதினேன்.

அக்கா